கரைப்பாதையில் வைத்த வெள்ளைக் கற்கள்

எங்கள் தீவில் ஏறுவதற்கு ஒன்றும் இல்லை. சுடலைப் பக்கத்து மணல்மேட்டில் ஏறி நின்றால் மேய்கிற மாட்டின் முதுகுக்கு மேலால் கடல் தெரியும், அவ்வளவுதான் உயரம். மலைநாட்டுக் கச்சேரி என்ற அரசாங்கக் கந்தோரில் வேலை பார்த்த காலத்தில், வெள்ளைக்காரத் துரைமார் சிலர் மலைப்பாதைகளைத் தாங்களே செப்பனிட்டு, பலகை நட்டு, ஞாயிறுதோறும் ஏறி இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். வேலை இல்லாதவர்களின் வேலை என்று அப்போது நினைத்தேன். பிறகு எனக்கும் வேலை இல்லாமல் போனது.

சிங்களம் மட்டும் என்ற ஐம்பத்தாறாம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, சிங்களச் சோதனை எழுதுகிறவர் உத்தியோகத்தில் தொடரலாம், எழுத விரும்பாதவர் பென்சனை எடுத்துக்கொண்டு போகலாம் என்று சுற்றறிக்கை வந்தது. எங்கள் பகுதியில் அதைப் பிரதி எடுத்து மேசை மேசையாக அனுப்பியவன் நானே. என் மேசைக்கும் ஒன்று அனுப்பினேன். சோதனை எழுதவில்லை. ஊருக்கு வந்து பார்த்தால் என்னைப் போல வந்தவர்கள் வாசிகசாலை வாங்கில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருக்கும் ஒழுங்குவிதிகள் மனப்பாடம். ஒருவருக்கும் அவற்றைப் பிரயோகிக்க இடமில்லை. அப்படிப்பட்ட ஊரில் ஒரு சங்கம் முளைக்காமல் இருக்குமா?

முளைத்த சங்கம் கரைப்பாதையைப் பற்றியது. ஊர்காவற்றுறைத் துறையில் தொடங்கி, சுருவில் பக்கமாகக் கடலோரம் பிடித்து, வேலணையைக் கடந்து, கடலுக்குக் குறுக்கே போடப்பட்ட புங்குடுதீவுத் தாம்போதியில் ஏறி, குறிகட்டுவான் துறைவரை போகும் நடைவழி அது. அங்கிருந்து வள்ளத்தில் நயினாதீவு அம்மனிடம் போகலாம். காரைநகர், எழுவைதீவுச் சனங்கள் ஊர்காவற்றுறையில் வந்து இறங்கி, திருவிழாக் காலத்தில் இந்த வழியால்தான் நேர்த்திக்கு நடந்தார்கள். இருள் பிரியுமுன் புறப்பட்டால் வெயில் சாய்கிற நேரம் குறிகட்டுவானில் நிற்கலாம். பிறகு பஸ் வந்தது. நடந்து வருவதாக நேர்ந்தவர்கள் பஸ்ஸில் வந்து, துறைக்குக் கொஞ்சம் முன்னால் இறங்கி, அந்த மிச்சத்தை நடந்தார்கள். அம்மன் கோபித்ததாகத் தகவல் இல்லை. பாதை மட்டும் பற்றைக்குள் போனது.

அதை மீட்க வேண்டும் என்று எழும்பியவர் பள்ளிக்கூடத் தலைமையாசிரியராக இருந்து இளைப்பாறியவர். ஊர் அவரைச் சட்டம்பியார் என்று கூப்பிடும். அவரே தலைவர். பொதுவேலைப் பகுதியில் றோட்டு வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியராக இருந்த ஒருவர் வேலைகளுக்குப் பொறுப்பு. நான் செயலாளர். சங்கத்தின் விதிகளை நான் எழுதினேன். நன்றாகவே எழுதினேன், ஒரு மாகாணத்தை ஆளுவதற்கு அவை போதும். முதல் வெட்டு விழுமுன் விதிகளுக்கு ஆறு திருத்தங்கள் வந்துவிட்டன.

ஆனால் வேலையும் நடந்தது என்பதைச் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் மண்வெட்டி, கத்தி, கடகத்தோடு பத்துப் பன்னிரண்டு பேர் சேர்வோம். இளம்பனை வடலிகளை வெட்டி வழியைத் திறப்பது சுலபம். நாகதாளிக் கள்ளிதான் உயிரை எடுத்தது. வெட்டிய துண்டு விழுந்த இடத்திலேயே வேர்விடும். ஆகவே ஒவ்வொரு துண்டையும் பொறுக்கி, குழிதோண்டிப் புதைக்க வேண்டும். உவர்நிலத்தில் மழைக்குக் கால் புதைகிற இடங்களில் கடற்கற்களைப் பரப்பி மேலே மணல் போட்டோம். இவற்றையெல்லாம்விடக் கடினமானது வேலி. எங்கள் பக்கத்தில் வருடத்துக்கு ஒருமுறை பனையோலையால் வேலி அடைப்பார்கள். ஒவ்வொரு முறையும் வேலி ஒரு விரற்கடை வெளியே வரும். அடைக்கிறவனைக் கேட்டால் அது பழைய கதியால் கம்புகளில்தான் நிற்கிறது என்பான். கதியால் எப்படி நடந்தது என்று கேட்க முடியாது. இரண்டு தலைமுறையில் வண்டில் போன ஒழுங்கை ஆள் போகிற ஒழுங்கையாகி, பிறகு ஆள் பக்கவாட்டில் போகிற ஒழுங்கையாகும். அப்படிப்பட்ட இடங்களில் சட்டம்பியார் தம்மிடம் படித்தவர்களைப் பிடித்துக் கெஞ்சியும் அதட்டியும் வேலியைப் பின்வாங்க வைத்தார். அதை நான் வேறு எவரிடமும் கண்டதில்லை.

வேலைக்கு ஒழுங்காக வந்தவர்களில் ஒரேயொரு பெண் இருந்தார். சுருவிலுக்கு அப்பால், பாதை ஒரு பனந்தோப்புக்குள் நுழைகிற இடத்தில், கடற்பக்கமாக ஒரு சிறு வளவு. அதில் தனியே இருந்த கைம்பெண். எனக்கு ஐந்தாறு வயது மூத்தவர், எல்லோருக்கும் அக்கா. புருஷன் தெற்கே காலி நகரத்தில் கடை வைத்திருந்தவர். ஐம்பத்தெட்டுக் கலவரத்தில் கடை எரிந்தது. அவர் உடுத்த வேட்டியோடு கப்பலில் வந்து, ஒரு வருடம் ஒருவரோடும் பேசாமல் இருந்துவிட்டுச் செத்தார். ஒரே மகள் கலியாணம் கட்டிக் கிளிநொச்சியில் இருந்தாள்.

அக்கா தமது மண்வெட்டியைத் தாமே கொண்டுவருவார். தமது வாசலில் இருந்து தோப்பின் மறுபக்கம்வரை உள்ள துண்டை வேறு ஒருவரும் தொட விடமாட்டார். அம்மனில் அவ்வளவு பக்தியா என்று சட்டம்பியார் ஒருநாள் மெச்சிக் கேட்டார்.

"நீங்கள் அம்மனுக்கு வெட்டுறியள் மாஸ்டர். நான் என்ரை தண்ணிக்கு வெட்டுறன்" என்றார் அக்கா.

அவருடைய வளவுக் கிணறு உவர். குளிக்கலாம், சட்டி பானை கழுவலாம். வாயில் வைக்க ஏலாது. தோப்புக்கு அப்பால் பிள்ளையார் கோயிலடியில் நல்ல தண்ணீர்க் கிணறு இருந்தது. (அதில் யார் அள்ளலாம், யார் அள்ளக்கூடாது என்பதற்கு எந்த வர்த்தமானியிலும் வராத ஒரு சட்டம் ஊரில் இருந்தது. அக்கா அள்ளக்கூடியவர்களில் ஒருவர். அந்த விஷயத்தில் எங்கள் சங்கமும் ஊரைவிட உயர்ந்ததல்ல.) பாதையால் போனால் குடம் இடுப்பில் கனக்கத் தொடங்குமுன் வீடு வந்துவிடும். றோட்டால் சுற்றினால் தீவின் பாதியைச் சுற்றின மாதிரி. அக்காவுக்கு ஏற்கெனவே முழங்கால் வாதம். எனவே அவருக்கு அந்தப் பாதை திருவிழாக் காலத்துப் பாதையல்ல. காலையும் பின்னேரமும் குடத்தோடு போய்வருகிற பாதை.

முதல் வருடத்துத் திருவிழாவுக்குத் துண்டுப்பிரசுரம் அடித்தோம். ஊர்காவற்றுறைத் துறையிலும் யாழ்ப்பாணம் பஸ் நிலையத்திலும் நின்று கொடுத்தோம். பத்திரிகைக்குக் கடிதம் எழுதினேன். போட்டார்கள், பாதியை வெட்டி. சனம் வந்தது. கால் சுட, தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு, தேவாரம் பாடிக்கொண்டு வந்தது. தோப்புக்குள் அவர்கள் நுழைந்தபோது தோப்பின் சொந்தக்காரர் கறுப்புக் குடையைப் பிடித்தபடி ஓரமாக நின்று பார்த்தார். மலாயாவில் ரெயில்வேயில் இருந்து பென்சனோடு திரும்பியவர். ஊரில் பெயர் மலாயர். கும்பிட்டவர்களுக்குத் திருப்பிக் கும்பிட்டார். எங்களுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்?

ஓவசியருக்கு மேலும் வேண்டியிருந்தது. விடியப்புறத்து இருட்டில் வழி தெரியாமல் சிலர் கடற்கரைச் சேற்றுக்குள் போய்விட்டார்கள் என்பது உண்மை. அதற்கு அவர் கண்ட பரிகாரம் கல். கடற்கல்லை ஒரு அளவாகக் கொத்தி, இரண்டு பக்கமும் வரிசையாக நட்டு, சுண்ணாம்பு அடிப்பது. மலைநாட்டு றோட்டு வளைவுகளில் அவர் வாழ்நாள் முழுக்க அப்படித்தான் நட்டவர். கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் எங்களிடம் பஞ்சமில்லை. அடுத்த திருவிழாவுக்கு முன் துறையிலிருந்து தாம்போதிவரை கல் நட்டு முடித்தோம். தூர நின்று பார்த்தபோது அழகாகவே இருந்தது. சட்டம்பியாருக்குக் கண் கலங்கியது.

மூன்றாம் நாள் மலாயர் என் வீட்டுக்கு வந்தார். கதிரையைக் காட்டினேன், உட்காரவில்லை.

"என்ன காணும், உமக்குக் காணி அளக்கிற சேவையர் சம்பளமும் சேர்த்தோ பென்சன் தாறாங்கள்?"

"விளங்கேல்லை ஐயா."

"என்ரை தோப்புக்குள்ளை கல்லு நிக்குது. வரிசையாய் நிக்குது. சுண்ணாம்பும் அடிச்சுக் கிடக்கு."

"அது நடக்கிற சனத்துக்கு இருட்டிலை வழி தெரிய வைச்சது."

"என்ரை அப்பு காலத்திலை சனம் இருட்டிலை நடக்கேல்லையே? ஒரு கல்லும் இல்லாமல் போய் வந்ததுகள். இப்பவும் நடக்கட்டும், நான் மறிக்கேல்லை. ஆனால் சனம் நடந்து போயிடும் காணும். கல்லு போகாது. நான் செத்தாப்பிறகும் நிக்கும். என்ரை பொடியள் கோலாலம்பூரிலை கிடக்கிறாங்கள். ஒருநாள் வந்து பாத்திட்டு, இது ஆரின்ரை எல்லை எண்டு கேப்பாங்கள். ஆர் மறுமொழி சொல்லுறது, நீரோ?"

"கல்லை எடுக்கச் சொல்லுறியளோ?"

"என்ரை துண்டுக்குள்ளை நிக்கிறதை மட்டும் எடும். மற்றவன்ரை காணியிலை நீர் தாஜ்மகாலும் கட்டும்."

குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். அவர் சொன்னது சரி என்பது அவர் படலையைத் தாண்டுமுன் எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் ஊரில் கல் வழி காட்டுவதில்லை. கல் எல்லை காட்டும். வேறொன்றுக்கும் கல் நடுகிற வழக்கமில்லை. ஒரு விரற்கடை வேலிக்காக அண்ணனும் தம்பியும் வழக்குப் பேசும் பிரக்கிராசியிடம் பரம்பரைச் சொத்தை அழிக்கிற மண் இது. இங்கே ஒரு காணிக்குள் வெள்ளையடித்த கல் வரிசையாக நின்றால், சேவையர் வந்து போயிருக்கிறான், அரசாங்கம் எடுக்கப்போகிறது, அல்லது பக்கத்து வளவுக்காரன் ஏதோ செய்கிறான் என்றுதான் பொருள். ஊரைவிட்டுப் போகாத எவரும் அதைச் சொல்லியிருப்பார். சங்கத்தில் இருந்த நாங்கள் முப்பது வருடம் வெளியில் இருந்தவர்கள். ஊர்க்காரர்கள்தான், ஆனால் விடுமுறை ஊர்க்காரர்கள்.

அவசரக் கூட்டம் கூட்டினேன். வாசிகசாலையில் பெண்கள் உள்ளே வந்து உட்காருகிற வழக்கம் இல்லை. அக்கா வெளியே, சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பாதை ஆரின்ரை?" என்று சட்டம்பியார் தொடங்கினார். "சனத்தின்ரை. சனத்தின்ரை பாதையிலை சனம் கல்லு வைக்க ஒருத்தரிட்டைக் கேக்கவேணுமோ?"

"கல்லைக் கிளப்பினால் பிழை செய்தனாங்கள் எண்டு ஒத்துக்கொண்ட மாதிரி" என்றார் ஓவசியர். "இண்டைக்கு அவர் எடு எண்டுவார். நாளைக்கு வேலணையான் எடு எண்டுவான். கடைசியிலை கல்லெல்லாம் என்ரை தலையிலை."

உரிமைகளுக்குப் பாதகமின்றித் தற்காலிகமாக அகற்றலாம் என்று நான் சொன்னேன். அப்படி ஒரு வாசகம் இருக்கிறது. அதைக்கொண்டு நான் மலைநாட்டில் எத்தனையோ சண்டைகளை ஆறப்போட்டிருக்கிறேன்.

"உம்மடை கந்தோர்ப் பாஷையை இஞ்சை கொண்டுவராதையும்" என்றார் ஓவசியர். "அகற்றினால் அகற்றினதுதான்."

சன்னலில் இருந்து குரல் வந்தது. "தம்பியவை, நான் ஒண்டு சொல்லட்டே?"

"சொல்லுங்கோ அக்கா."

"உந்தக் கல்லைக் கிளப்பி என்ரை முத்தத்திலை கொண்டுவந்து போட்டுவிடுங்கோ. உடுப்புத் தோய்க்க நல்ல கல்லொண்டு இல்லாமல் நிக்கிறன்."

எல்லோரும் சிரித்தார்கள்.

"சிரிக்காதையுங்கோ. மலாயர் வேலியை அடைச்சால் கோயிலுக்குப் போறவை றோட்டாலை போவினம். நான் எதாலை போறது?"

சட்டம்பியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வகுப்பில் பிழையான விடைக்கு அப்படித்தான் செய்வார். "அக்கா, இதை உங்கடை தண்ணிப் பிரச்சினையாய்ப் பாக்கப்படாது. இது கொள்கைப் பிரச்சினை."

"கொள்கையை அள்ளிக் குடிக்கேலுமே மாஸ்டர்?"

மறுபடி சிரித்தார்கள், இந்த முறை கொஞ்சம் குறைவாக. பிறகு கற்களை அகற்றுவதில்லை என்று தீர்மானம் நிறைவேறியது. செயலாளருக்கும் வாக்கு உண்டு என்பது நானே எழுதிய விதி. கைகள் உயர்ந்த நேரத்தில் நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

மலாயர் கூலிக்கு ஆள் பிடித்துத் தோப்பின் இரண்டு முனையையும் அடைத்தார். கிளுவங் கதியால் நட்டு, முட்கம்பி இழுத்து, அடியில் நாகதாளியும் வைத்தார். நாங்கள் வெட்டிப் புதைக்காமல் விட்ட துண்டுகள் எங்கே கிடக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. மழை வந்ததும் கதியால்கள் துளிர்த்தன.

வேலி அடைத்த அன்றே நான் முறைப்பாடு எழுதினேன். யாருக்கு எழுத வேண்டும், பிரதி யாருக்குப் போக வேண்டும், எந்த இடத்தில் பணிவு வேண்டும், எந்த இடத்தில் கூடாது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். கிராமசபைக்கு எழுதினால், அது தங்கள் பாதைப் பட்டியலில் இல்லை என்று பதில் வரும். அந்தப் பதிலை இணைத்து மேலே எழுத வேண்டும். மேலே இருப்பவர் கீழே அறிக்கை கேட்பார். கீழே இருப்பவர் ஊரின் அரசாங்கத் தலைமைக்காரரான விதானையாரைக் கேட்பார். விதானையார் மலாயரின் மனைவிக்கு மச்சான். ஒவ்வொரு படியும் நான் நினைத்தபடியே, நினைத்த ஒழுங்கிலேயே நடந்தது. முப்பது வருடம் மேசையின் அந்தப் பக்கத்தில் இருந்து செய்த வேலையை முதல்முறை இந்தப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒன்றும் நடக்காமல் இருந்ததே அவ்வளவு நேர்த்தியாக இருந்தது.

இதற்கிடையில் அக்காவுக்குத் தண்ணீர் வேண்டும். சங்கம் அதைப் பொறுப்பேற்றது. எந்த நாளுக்கு யார் குடம் கொண்டுபோய்க் கொடுப்பது என்று முறை வகுத்துக் கொடுத்தேன். முதல் கிழமை போட்டி போட்டுக்கொண்டு சைக்கிளில் குடம் கட்டிக்கொண்டு போனார்கள். ஓவசியர் ஒரே நாளில் இரண்டு தரம் போனார். மழை தொடங்கியதும் ஒருவருக்குச் சளி, இன்னொருவருக்குக் கலியாணவீடு. தோட்டத்தில் வேலை கூடிய காலம் வந்ததும் மற்றவர்களும் விட்டுவிட்டார்கள். ஒருநாள் பின்னேரம் நான் போனபோது முதல்நாளும் அதற்கு முதல்நாளும் ஒருவரும் வரவில்லை என்று தெரிந்தது. அக்கா றோட்டால் போய்வந்து, காலை நீட்டி உட்கார்ந்து எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். முழங்கால் வீங்கிப் பளபளத்தது.

"ஏன் அக்கா, எனக்கு ஆள் அனுப்பியிருக்கலாமே?"

"ஆரை அனுப்புறது தம்பி? ஆடு மாட்டையே?" என்று சிரித்தார். பிறகு, "நீங்கள் எல்லாரும் நல்லாக்கள். எனக்குத் தெரியும். ஆனால் தண்ணி நாள் பாத்து விடாய்க்காது கண்டீரோ" என்றார்.

அவர் என்னை எப்போதும் 'நீர்' என்றுதான் சொல்வார். அன்று அந்தச் சொல் சற்றுத் தூரத்தில் இருந்து வந்த மாதிரி இருந்தது.

அன்று திரும்பும் வழியில் மலாயரிடம் போனேன். சங்கத்தைக் கேட்கவில்லை. கற்களை நானே ஆள் வைத்துக் கிளப்பிவிடுகிறேன், கம்பியை ஒரு ஆள் போகிற அளவுக்கு விலக்கிவிடுங்கள் என்று கேட்டேன்.

அவர் என்னை அனுதாபத்தோடு பார்த்தார். "நீர் படிச்ச மனுசன் எண்டு நினைச்சன். உம்மடை முறைப்பாடு மேலை கிடக்கு. கல்லும் வேலியும் விசாரணைக்குள்ளை வந்திட்டுது. முடியுமட்டும் அதை நான் தொடக்கூடாது, நீரும் தொடக்கூடாது. எனக்குக் கடிதம் வந்தது. உமக்கு வரேல்லையோ?"

வந்திருந்தது. விசாரணை முடியும்வரை இடத்தின் நிலையை மாற்றக்கூடாது என்ற அந்த நிபந்தனையைக் கேட்டவனும் நானே. மலாயர் மேலும் அடைத்துவிடாமல் இருக்க.

"அந்த மனுசி தண்ணிக்குக் கஷ்டப்படுது ஐயா."

"கேட்டிருந்தால் விட்டிருப்பன். இப்பவும் அவ வந்து, ஐயா எனக்கு வழி விடுங்கோ, இது உங்கடை காணி எண்டு ஒரு சொல்லுச் சொல்லட்டும். கம்பியிலை ஆள் நுழையிற மாதிரி ஒரு கண்டாயம் விடுறன். விதானையாரையும் வைச்சுத்தான் சொல்லவேணும்."

இதை அக்காவிடம் சொன்னேன். போய்ச் சொல்லுங்கள் என்று நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்றும் சொல்லவில்லை.  மறுநாள் அவர் குடத்தையும் எடுத்துக்கொண்டு தாமே மலாயரிடம் புறப்பட்டிருக்கிறார். ஆனால் செய்தி அதற்குள் சட்டம்பியாருக்கு எட்டி, அவர் ஒழுங்கையில் அக்காவை மறித்து, நீங்கள் அப்படிச் சொன்னால் பாதையின் உரிமை முழுவதும் போய்விடும், இரண்டு வருடத்து உழைப்பை ஒரு சொல்லால் அழிக்கப்போகிறீர்களா என்று கேட்டிருக்கிறார். அக்கா குடத்தோடு திரும்பிவிட்டார். அவர் சட்டம்பியாரிடம் எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை என்று கேள்விப்பட்டபோதுதான் எனக்குப் பயம் வந்தது.

கடைசியில் ஒரு உத்தியோகத்தர் இடத்தைப் பார்க்க வந்தார். எந்தக் கந்தோர் என்று எழுதவில்லை. எந்தக் கந்தோரானாலும் அவரைத்தான் அனுப்பியிருக்கும். இளம் வயது, நல்ல சப்பாத்து. ஜீப்பை றோட்டில் விட்டுவிட்டு, நாகதாளியைப் பார்த்ததும் நின்றுவிட்டார். கம்பிக்கு அப்பால் தோப்புக்குள் இடுப்பளவு பற்றை. கற்களில் சுண்ணாம்பு கழன்று பாசி பிடித்திருந்தது.

"இதாலை ஆக்கள் நடந்ததுக்கு ஒரு அடையாளத்தையும் காணேல்லையே?"

"வேலி அடைச்சாப்பிறகு எப்பிடித் தம்பி நடக்கிறது?" என்றார் சட்டம்பியார்.

"அது வேறை விசயம் ஐயா. இப்ப என்ன இருக்கோ அதைத்தான் நான் எழுதலாம். நீங்கள் வெட்டித் துப்புரவாக்கி வைச்சிருந்தால் அப்பிடி எழுதியிருப்பன்."

"வெட்டினால் இடத்தின்ரை நிலையை மாத்தினதாப் போயிடும் எண்டெல்லோ கடிதம் தந்தியள்?"

"ஓம். அதுவும் சரிதான்" என்றார் அவர். நான் அவரைக் குறை சொல்லவில்லை. அவருடைய இடத்தில் நானும் அதையே எழுதியிருப்பேன். ஒருவேளை இன்னும் சுருக்கமாக.

வெயில் ஏறியிருந்தது. அவர் குடிக்கத் தண்ணீர் கேட்டார். அக்கா உள்ளே போய்ச் செம்பில் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு வாய் குடித்தவர் முகத்தைச் சுளித்து, திரும்பி நின்று துப்பினார்.

"உவரெல்லோ?"

"ஓம் மோனை. அதைத்தான் எழுதச் சொல்லுறன்."

அவருக்கு உண்மையில் சங்கடமாக இருந்தது. "எனக்கு விளங்குது அம்மா. ஆனால் தண்ணி என்ரை பகுதிக்குள்ளை வராது. அதுக்கு வேறை இடத்துக்கு எழுதவேணும்." என்னைப் பார்த்தார். எந்த இடத்துக்கு என்று எனக்குத் தெரியும் என்பதைப் போல. தெரியும்தான். எழுதினேன். பதில் வருமுன் அக்கா காணியை விற்றுவிட்டார்.

வழியில்லாத, உவர்க்கிணறு உள்ள வளவை யார் வாங்குவார்? வழியை அடைத்தவர்தான் வாங்கலாம். மலாயர் நியாயமான விலையே கொடுத்தார். அதில் அவரைக் குறை சொல்ல இடமில்லை. நொத்தாரிசு முன்னிலையில் காணி உறுதிப் பத்திரம் எழுதியபோது சாட்சிக் கையெழுத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். அக்கா தமது கையெழுத்தை நிதானமாக, பள்ளிக்கூடத்தில் பழகிய எழுத்தில் போட்டார். வெளியே வந்ததும், "கிளிநொச்சியிலை வாய்க்கால் வாசலாலை ஓடுதாம். மகள் எழுதியிருக்கிறாள்" என்றார். நல்லது என்றேன். "நல்லதுதான்" என்றார். "அங்கை எனக்கு ஒருத்தரையும் தெரியாது." பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு, காலை இழுத்து இழுத்துச் சந்திக்கு நடந்தார். நான் பின்னால் அவருடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். ஏறியபின் பஸ்ஸுக்குள் இருந்து திரும்பிப் பார்த்தாரோ தெரியாது. வெயில் கண்ணாடியில் பட்டுக்கொண்டிருந்தது.

தோப்புக்கும் வளவுக்கும் ஒரே சொந்தக்காரராகியபின் பிணக்கு இல்லை. பிணக்கு இல்லாததால் விசாரணை மூடப்பட்டது. விசாரணை மூடப்பட்டதால் நிலையை மாற்றலாம். மலாயர் ஆள் விட்டுக் கற்களைக் கிளப்பினார்; கம்பியை அவிழ்த்தார்; பற்றையை வெட்டுவித்தார். இனி அந்த வழியை உரிமை என்று கேட்க அயலில் ஒருவரும் இல்லை. ஆகவே திருவிழாவுக்கு நடக்கிற சனத்தைத் தமது தயவில் விடுவதில் அவருக்கு ஆட்சேபம் இருக்கவில்லை. அனுமதியுடன் செல்லும் வழி என்று ஒரு சிறு பலகை மட்டும் நட்டார். இந்தப் பலகையை நட்டிருந்தால் போதும், கல்லே வேண்டியிருந்திராது என்று ஓவசியர் சொன்னார். நான் அவரோடு பேச்சை நிறுத்திச் சில மாதங்களாகிவிட்டன என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சங்கம் கூடியது. பாதை மறுபடி துறையிலிருந்து துறைவரை திறந்துவிட்டது என்பதைத் தலைவர் அறிவித்தார். கைதட்டினார்கள். மலாயருக்கு நன்றி தெரிவிக்கும் தீர்மானத்தை எழுதும்படி என்னைக் கேட்டார்கள். எழுதினேன். பெருந்தன்மை என்ற சொல் அதில் ஒரு இடத்தில் வருகிறது. அக்கா ஊரைவிட்டுப் போனதற்கு வருத்தம் தெரிவித்து ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று சட்டம்பியாரே முன்மொழிந்தார். அவர் கெட்ட மனிதரல்ல. ஆனால் அங்கத்தவர் பதிவேட்டில் நான் பார்த்தபோது அக்கா ஒருநாளும் அங்கத்தவராகச் சேர்க்கப்பட்டிருக்கவில்லை. பெண்களைச் சேர்ப்பது பற்றி ஒரு திருத்தம் வருவதாக இருந்து, வேலை மும்முரத்தில் வராமலே போயிருந்தது. அங்கத்தவர் அல்லாத ஒருவரைப் பற்றிச் சங்கம் வருத்தம் தெரிவிக்கலாமா என்று ஓவசியர் கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

விதிப்படி முடியாது என்றேன். அதுதான் உண்மை. பேனையை மூடி வைத்துவிட்டு, விதியை விட்டுவிட்டு எழுதலாம் என்றும் சொன்னேன். அப்படி நான் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை. பகிடி என்று நினைத்துச் சிரித்தார்கள். கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போனது.

அடுத்த ஞாயிறு வேலைக்கு ஐந்தாறு பேர் வந்தோம். மாரி முடிந்து புல் முழங்காலளவு நின்றது. துண்டு துண்டாகப் பிரித்துக்கொண்டோம். தோப்புக்கும் அக்காவின் வாசலுக்கும் இடையில் உள்ள துண்டை எடுக்க ஒருவரும் முன்வரவில்லை, நானும் வரவில்லை. மலாயரின் கூலியாள் அதை வெட்டுவான் என்று ஒருவர் சொன்னார். அவன் தோப்புக்குள் மட்டும் வெட்டினான். வளவு வீட்டின் கூரை ஓலையை யாரோ பிரித்துக்கொண்டு போயிருந்தார்கள். அந்த வருடம் நடந்து வந்த காரைநகர்ச் சனங்கள் அந்த இடத்தில் சேலையைத் தூக்கிப் பிடித்து, முள்ளுக்குப் பயந்து ஓரம் ஓரமாகப் போனார்கள். ஒரு பெண் என்னிடம், "ஐயா, இந்தத் துண்டை மட்டும் ஏன் விட்டுட்டியள்?" என்று கேட்டாள். வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று பதில் சொன்னேன். அதற்கு அடுத்த வருடம் மறுபடி பெரும்பாலானோர் பஸ்ஸில்தான் போனார்கள்.